பகலில் பூசிய அரிதாரம்

நாடக மேடையில் பபூன் வேடம் கட்டியவர்களைப் பற்றி இப்போது எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் எழுதுவதைப் படித்து மறுப்பதற்கு அந்த வேடம் கட்டியவர்களில் அநேகமாக எவரும் உயிரோடு இல்லை. நான் இருக்கிறேன்.

கோயம்புத்தூர் நாடக அன்பர்கள் சிலர் கூடி ஒரு சிறப்பு மலர் வெளியிடப் போகிறார்கள். ‘தங்களுடைய நகைச்சுவை அனுபவங்களை நான்கு பக்கங்களுக்கு மிகாமல் எழுதித் தரவும்’ என்று எனக்கும் கடிதம் வந்தது. நான் எழுதுவதாக இல்லை. பதினான்கு ஆண்டுகள் மேடையில் நின்றுவிட்டு, பேசும் படம் வந்து கம்பெனிகள் கலைந்தபின் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எண்பதைக் கடந்துவிட்டேன். பழைய சிரிப்பைத் திரும்பச் சொல்லிக் கைதட்டு வாங்கும் ஆசை எனக்கு இல்லை. என் மௌனத்தைக் கலைத்தது மலரின் செயலாளர் கதிர்வேல் கொண்டுவந்து காட்டிய அச்சுப் படி.

கதிர்வேல் வங்கியில் பணி புரிபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் போடுபவர். மரியாதை தெரிந்தவர். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு காகிதங்களை என்னிடம் நீட்டினார்.

“ஐயா, உங்க கட்டுரைக்கு முன்னாடி இதைப் போடறோமுங்க. ஒரு புரபசர் எழுதிக் குடுத்தது. உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையா எழுதியிருக்காருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். அக்காலப் பபூன்களுக்கு வசனமும் கிடையாது, ஒழுங்கும் கிடையாது, வாய்க்கு வந்ததைப் பேசிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார்கள் என்று தொடங்கியிருந்தார் பேராசிரியர். அந்த ‘ஒழுங்கற்ற மேதைமை’க்குச் சான்றாக என் கதை ஒன்றைக் கொடுத்திருந்தார். ஒரு சந்தையூரில் பருத்தி எடை போடும் ஒருவரை இரவு மேடையில் கேலி செய்த பபூன், மறுநாள் காலையில் வேடத்தோடு சந்தைக்கே போய், அவருடைய தராசில் ஏறி உட்கார்ந்து அவர் மானத்தை மீட்டுக் கொடுத்தானாம். ஊரின் பெயர் இருந்தது. எடைக்காரரின் பெயர் அவருடைய தகப்பனார் பெயரோடு மூன்று இடங்களில் இருந்தது. என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது.

“தம்பி, இந்தப் பேரை எடுத்துப்போடுங்க” என்றேன்.

“எந்தப் பேருங்கய்யா? உங்க பேருங்களா?”

“எடைக்காரர் பேரை.”

“அதுதானுங்களே கதை! பேரில்லாமப் போட்டா, சும்மா கட்டி உட்டதுன்னு சொல்லிப்போடுவாங்க.”

நான் எவ்வளவோ சொல்லியும் அவர் இறங்கி வரவில்லை. பேராசிரியரைக் கேட்க வேண்டும் என்றார். அச்சகத்தில் பக்கம் கட்டியாயிற்று என்றார். வாயால் சொன்னது எடுபடாததால் எழுதுகிறேன். எங்கள் தொழிலுக்கு ஒழுங்கு இருந்தது. அதை மீறியவன் நான். பழியை என்மேல் எழுதிக்கொள்ளுங்கள், தொழிலின்மேல் எழுதாதீர்கள். எடைக்காரருடைய பெயரை எதிலும் எழுதாதீர்கள்.

பி.ஏ. தேறிய கையோடு நாடகக் கம்பெனியில் சேர்ந்தேன். தாசில் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என் தகப்பனார் மூன்றாண்டுகள் என்னோடு பேசவில்லை; பேசத் தொடங்கிய பிறகும் நாடகத்தைப் பற்றி மட்டும் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாண்டு படுதா இழுத்தேன். அடுத்த ஆண்டு சேவகன், தூதன், கூட்டத்தில் ஒருவன். மூன்றாம் ஆண்டில் பபூன் வேடத்துக்கு இரண்டாவது ஆளாக வைத்தார்கள். பயிற்சியைப் பற்றி இதற்குமேல் சொல்வதற்கில்லை. அடியும் அரைவயிறும் எல்லாக் கம்பெனிகளிலும் ஒன்றுபோலவே இருந்தன.

முதல் பபூன் சின்னையா. தாராபுரம் பக்கத்துக்காரர், எங்களுக்கு அவர் அண்ணன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரயில் சீட்டில் உள்ள ஊர்ப் பெயரைக்கூட இன்னொருவர் படித்துச் சொல்லவேண்டும். ஆனால் ஒரு வசனத்தை ஒருமுறை காதில் வாங்கினால் பத்தாண்டுகள் கழித்தும் எழுத்துப் பிசகாமல் சொல்வார். மேடைக்கு வெளியே அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அரிதாரம் பூசுவதற்கு முன்பு முழங்கைவரை கை கழுவுவார். கண்ணாடியைத் தம்முடைய துணியால் தாமே துடைப்பார். பூசி முடித்தபின் கொட்டகைக்குப் பின்னால் உள்ள தட்டியைத் தாண்டி ஓரடி வைக்கமாட்டார், எங்களையும் வைக்கவிடமாட்டார். ஒரு நாள் பகலில் ஒப்பனை பார்த்துக்கொண்டிருந்த சேவக வேடக்காரன் ஒருவன் பீடி வாங்க அப்படியே தெருவுக்குப் போய்விட்டான். திரும்பி வந்தவனைச் சின்னையா அடிக்கவில்லை, வையவில்லை. “ராத்திரி வெளக்குல பாத்தா இது வேசம். பகல்ல பாத்தா வெறும் சுண்ணாம்புப்பா. உன்ற மூஞ்சியை நீ கெடுத்துக்க. எங்க மூஞ்சியைக் கெடுக்காதே” என்றார். அந்த ஆளுக்கு அன்றைக்கு வேடம் இல்லை.

பபூன் எதற்காக மேடைக்கு வந்தான் என்பதே இப்போது பலருக்குத் தெரியாது. ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சிக்குள் உள்ளே தர்பார் சோடிக்கவேண்டும். அல்லது நந்தவனம், மயானம். அதற்குள் தெருக் காட்சி எழுதிய படுதாவை முன்னால் இறக்கிவிடுவார்கள். அந்தப் படுதாவுக்கும் விளக்குகளுக்கும் நடுவே உள்ள நாலடி இடந்தான் எங்கள் ராஜ்யம். உள்ளே சிம்மாசனத்தைத் தூக்கி வைக்கும் சத்தம் வெளியே கேட்கக் கூடாது; கேட்டாலும் யாரும் கவனிக்கக் கூடாது. உள்ளிருந்து ஒரு விசில் வந்தால் வேலை பாதி முடிந்தது என்று பொருள். இரண்டு விசில் சேர்ந்து வந்தால் அடுத்த மூச்சில் முடித்துக்கொண்டு விலகவேண்டும். கூட்டம் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, விலகவேண்டும். அடுத்து வருகிற ராஜாவுக்கு அந்தச் சிரிப்பு தடையாகிவிடும். எழுதிக் கொடுத்த வசனம் ஆறு நிமிஷத்துக்கு இருக்கும். அதை மூன்றில் அறுக்கவும் தெரியவேண்டும், இருபதுக்கு இழுக்கவும் தெரியவேண்டும். முகம் ஊரைப் பார்த்திருக்கும். காது முதுகில் இருக்கும். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவனால் இது முடியுமா என்று பேராசிரியர் ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

இழுக்கவேண்டிய நேரத்தில் எங்களுக்கு உதவியது ஊர்ப்பேச்சு. ஆடும் ஊரில் நாலு பேருடைய பெயரைச் சொல்லி, அவர்களுடைய கடையையோ நடையையோ சேர்த்துப் பேசுவது. தங்கள் ஊர்ப் பெயர் மேடையில் கேட்டால் ஜனங்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம். இதற்காகப் பிற்பகலிலேயே பபூன் ஊருக்குள் போய்வரவேண்டும். இங்கேதான் சின்னையாவின் சட்டம் இருந்தது. எவரைப் பேசப்போகிறோமோ அவரை நேரில் பார்க்கவேண்டும். இன்ன விஷயத்தைப் பேசுவேன் என்று சொல்லவேண்டும். அவர் வாயால் சரி என்று சொல்லவேண்டும். அன்றிரவு அவர் நாடகத்துக்கு வருபவராக இருக்கவேண்டும். அரிதாரம் பூசும்போது ஒவ்வொரு பெயருக்கும் என்னைக் கேட்பார்.

“வாராரா?”

“வாராருங்கண்ணா.”

“நேர்ல பாத்தியா?”

“பாத்தனுங்க.”

“வாயால சொன்னாரா?”

மூன்றில் ஒன்றுக்கு நான் தயங்கினாலும் அந்தப் பெயர் போயிற்று. “எந்திரிச்சு நின்னு பதில் சொல்ல முடியாதவனைப் பேசறது காமிக் இல்லப்பா பி.ஏ. அது பொறணி. அதுக்கு வெளக்கு எதுக்கு, டிக்கெட்டு எதுக்கு?” என்பார். பி.ஏ. என்பதுதான் கம்பெனியில் எனக்கு வைத்திருந்த பெயர்.

இந்தக் கேட்டு வருதலில் ஒருநாளும் எங்களுக்குக் குறைவு நேர்ந்ததில்லை. கருமத்தம்பட்டியில் ஒரு பலகாரக் கடைக்காரரிடம் போய், “ஏனுங்க, இன்னைக்கு உங்க வடையைப் பத்திப் பேசட்டுங்களா?” என்றேன்.

“என்னத்தைப் பேசுவீங்க?”

“ஓட்டை மட்டும் பெருசா இருக்குது, வடையைக் காணோம்னுங்க.”

“பேசுங்க, பேசுங்க. ஆனா எதுத்த கடைக்காரனையும் சேத்துப் பேசோணும். அவன் வடையில ஓட்டை கூடச் சின்னதுதானுங்க!”

எதிர்க் கடைக்காரரையும் கேட்டுக்கொண்டுதான் பேசினேன். மறுநாள் இரண்டு கடையிலும் எங்களுக்கு வடை கொடுத்தார்கள். இன்னோர் ஊரில், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார் ஓர் அம்மணி, விட்டுவிட்டோம். வேறோர் ஊரில் ஒரு பெரிய பண்ணையக்காரர், தம்மை எவரும் கேட்டுவரவில்லை என்று கோபித்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை கைகட்டிச் சிரிக்காமலே உட்கார்ந்திருந்தார். அப்படி நடந்தது எங்கள் தொழில்.

இனி, நான் மறைக்க விரும்பாத என் தவறு நடந்த ஊருக்கு வருகிறேன். பெருந்துறைக்கு அப்பால், ரயில் நிற்கும் ஒரு சந்தையூர் என்பதற்குமேல் அடையாளம் சொல்லமாட்டேன்.

சின்னையாவுக்குக் கடுங்காய்ச்சல். கோயம்புத்தூரில் கம்பெனி வீட்டில் படுத்துவிட்டார். அன்றுதான் நான் முதன்முறையாக முதல் பபூன். ரயில் தாமதமாகி நாங்கள் இறங்கும்போது மணி நாலு. நாடகத்தை அந்த ஊருக்கு வரவழைத்த காண்ட்ராக்டர் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். பஞ்சுத் தரகு அவருடைய தொழில். நாடகம் அவருடைய பொழுதுபோக்கு. “நேரமில்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்னு நானே எழுதிக் கொண்டாந்துட்டனுங்க” என்று ஒரு சீட்டை என் கையில் கொடுத்தார். நாலு பெயர்கள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரியில் விஷயம். கையெழுத்து அச்சடித்தாற்போல இருந்தது.

மூன்று பேரை நான் நேரில் பார்த்துக் கேட்டுவிட்டேன். நாலாவது பெயர் சந்தைப்பேட்டையில் தராசு போடும் எடைக்காரருடையது. விவசாயிகள் கொண்டுவரும் பருத்தியை வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பொதுவாக எடைபோட்டுச் சொல்வது அவர் தொழில். நான் போனபோது தராசு மட்டும் மூன்று கழிகளைக் கூட்டிக் கட்டிய முக்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார், வர நேரமாகும் என்று பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர் சொன்னார். அவர் நாடகம் பார்க்கிற வழக்கமில்லை என்றும் சொன்னார். பொழுது இறங்கிவிட்டது. நான் காத்திருக்கவில்லை.

கண்ணாடியின் முன் உட்கார்ந்தபோது என்னைக் கேட்க எவரும் இல்லை. நானே கேட்டுக்கொண்டேன், நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். சின்னையா படிக்காதவர், ஆகையால் ஒவ்வொரு ஆளாகப் போய்க் கேட்கவேண்டியிருந்தது. எனக்கு எழுத்தில் வந்திருக்கிறது. எழுத்தில் இருப்பது போதாதா? படித்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

இரண்டாவது இடைவேளைக் காட்சியில் உள்ளே தர்பார்ப் படுதாவின் கயிறு சிக்கிக்கொண்டது. எழுதிய வசனம் தீர்ந்தது. மூன்று பேரையும் பேசித் தீர்த்தேன். விசில் வரவில்லை. நாலாவது பெயரை எடுத்தேன்.

அந்த வசனத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. மலருக்காகப் பலர் கேட்டார்கள், எவருக்கும் சொல்லவில்லை. தராசுத் தட்டையும் கட்டைவிரலையும் பற்றியது என்பதோடு நிறுத்துகிறேன். அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. தரையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார்கள். உள்ளே கயிறு சரியாகி இரண்டு விசில் வந்ததாம். எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் சந்தை. நாங்கள் தங்கியிருந்த வீட்டின் வாசலில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது முப்பது வயதுள்ள ஒருவர் வந்து நின்றார்.

“நேத்து பபூன் வேசம் கட்டுனது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க. உக்காருங்க.”

“உக்காரறதுக்கு வரலீங்க. எடைக்காரருக்கு நான் மருமவன். மாமா அஞ்சு மணிக்கே தராசைக் கட்டிப்போட்டு உக்காந்திருக்காருங்க. ஒரு வண்டி நிக்கலை. போறவன் வாரவனெல்லாம் கட்டைவெரலை ஆட்டிக் காமிச்சுப்போட்டுப் போறான். இருவது வருசமா அவரு சொன்ன எடையை ஒருத்தரும் ரெண்டாந்தடவை போட்டுப் பாத்ததில்லீங்க. சண்டை போட வரலை. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அவரு அப்படிப் பண்ணுனதை நீங்க பாத்தீங்களா?”

“இல்லீங்க.”

“பாத்தவங்க யாராச்சும் சொன்னாங்களா?”

“எழுதிக் குடுத்தாங்க.”

“எழுதுனவரோட தராசு, எங்க தராசுக்கு எதுத்தாப்புல இருக்குதுங்க. அதுவும் எழுதியிருந்துச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கம்பெனி மேனேஜரிடம் போய், சந்தைக்குப் போய்வரவேண்டும் என்றேன். விஷயத்தைக் கேட்டவர் பதறிவிட்டார். “பபூன் போய் மன்னாப்புக் கேட்டான்னா அடுத்த ஊர்ல எவன் சிரிப்பான்? இங்க இன்னும் அஞ்சு ஆட்டம் இருக்குது. காண்ட்ராக்டரைப் பகைச்சுப்போட்டுப் போயி எங்க ஆடறது? பேசாம ஊட்டுக்குள்ள இரு” என்றார். நான் இருக்கவில்லை. உள்ளே போய்க் கண்ணாடியின் முன் உட்கார்ந்து, காலை எட்டு மணிக்கு அரிதாரம் பூசினேன்.

அது எங்கள் தொழிலின் அடுத்த சட்டம். அதையும் தெரிந்தே மீறினேன். காரணம் இருந்தது. கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு பட்டதாரி சந்தையில் போய் நின்று நான் சொன்னது பொய் என்றால் அவனை யாருக்குத் தெரியும்? ஊர் நம்பியது அந்த வெள்ளை முகத்தை. சொன்னதைத் திரும்ப வாங்கவேண்டியதும் அந்த முகமே என்று நினைத்தேன். நினைத்ததில் பாதி சரி.

சந்தையில் வழி விலகி எனக்கு இடம் கொடுத்தார்கள். “ஏனுங்க பபூனு, பகல் ஆட்டமுங்களா? டிக்கெட்டு உண்டுங்களா?” என்று ஒருவர். “மூஞ்சியில மாவைக் கொட்டிக்கிட்டு வந்திருக்குது பாரு” என்று ஒரு கீரைக்காரம்மா. எடைக்காரர் தராசடியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு. அவரிடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேராகப் போய் மூட்டை வைக்கும் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “போடுங்க எடை!” என்று கூவினேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, அந்தப் பக்கம் கல்லை ஒவ்வொன்றாக வைத்தார். முள் நிற்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பொறுத்திருந்தார்.

“நாலு மணங்கு ஏழு ராத்தல்.”

மணங்குக்கு இருபத்தைந்து ராத்தல். இறங்கி, கூட்டத்தை இழுத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன். பார்சல் நிறுக்கும் இயந்திரத்தில் ஏறி நின்றேன். பார்சல் குமாஸ்தா முதலில் சீறினார், பிறகு சிரித்தார், பிறகு முள்ளைப் பார்த்து நூற்றேழு ராத்தல் என்று உரக்கச் சொன்னார். அங்கிருந்து நேராகச் சந்தைக்குத் திரும்பி, காண்ட்ராக்டரின் தராசில் ஏறினேன். அவர் அங்கே இல்லை. தராசுக்கு நின்றிருந்த ஆள் முந்நூறு பேரைக் கண்டு வெலவெலத்துப்போய்க் கல்லை வைத்தான். நாலு மணங்கு இரண்டு.

“பத்து நிமிசத்துல அஞ்சு ராத்தல் எளைச்சுப்போட்டனே! இந்த ஊரு வெயிலு ஆளையே தின்னுதுங்களே!” என்றேன்.

அந்தச் சிரிப்பு முதல்நாள் சிரிப்புக்கு இளைத்ததாக இல்லை. வண்டிகள் திரும்பின. ஒன்பதரை மணிக்கு எடைக்காரரின் தராசுக்கு முன்னால் பருத்தி வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பேராசிரியர் எழுதியது இதுவரையில்தான். உலகத்துக்கு இந்தக் கதை தெரிந்ததும் இதுவரையில்தான்.

நான் வெற்றி வீரனைப்போல விடைபெறப் போனேன். அவர் ஒரு மூட்டையை நிறுத்துக்கொண்டிருந்தார். முள் நின்று, எடை சொல்லி, மூட்டையை இறக்கிய பிறகே என் பக்கம் திரும்பினார்.

“வண்டியெல்லாம் வந்திருச்சுங்களே” என்றேன்.

“வந்திருச்சுங்க.” குரலை உயர்த்தாமலே பேசினார். “நேத்து ராத்திரி என்னைத் திருடன்னு சொல்லிச் சிரிக்க வெச்சீங்க. இன்னைக்குக் காலையில திருடன் இல்லைன்னு சொல்லிச் சிரிக்க வெச்சீங்க. ரெண்டு தடவையும் என்னைக் கேக்கலீங்க.”

கல்லைத் தட்டிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டே மேலும் சொன்னார்.

“இருவது வருசமா என்ற பேரைச் சொன்னா எடைன்னுதான் நெனைப்பாங்க. இனிமேப்பட்டுச் சிரிச்சுப்போட்டுத்தான் சொல்லுவாங்க. நல்ல மனுசன், பபூனே ஏறி உக்காந்து பாத்துட்டான்னு சொல்லுவாங்க. என்ற தராசுக்கு உங்க சாட்சி எதுக்குங்க?”

“நான் என்ன செய்யோணும், சொல்லுங்க. செய்யறேன்.”

“ஒண்ணும் செய்யாதீங்க. என்ற பேரை உங்க வாயில எடுக்காதீங்க. கெட்டதுக்கும் வேண்டாம், நல்லதுக்கும் வேண்டாம். அவ்வளவுதானுங்க.” அடுத்த மூட்டைக்குக் கையைக் காட்டிவிட்டு மீண்டும் என்னைப் பார்த்தார். “வேர்வையில சாயமெல்லாம் கண்ணுக்குள்ள எறங்குது. பானையில தண்ணி இருக்குதுங்க. மொகத்தைக் கழுவிட்டுப் போங்க.”

அவருடைய பானைத் தண்ணீரில், சந்தை பார்த்திருக்க, முகம் கழுவினேன். அவர் பெயரை வாயில் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் தலையை அசைத்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் தராசின் பக்கம் திரும்பிவிட்டார்.

காண்ட்ராக்டர் மீதி ஆட்டங்களை நிறுத்திவிட்டார். கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் திரும்பியது. மேனேஜர் என்னைக் கம்பெனியைவிட்டு விலக்கும்படி சின்னையாவிடம் சொன்னார். சின்னையா காய்ச்சல் தெளிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன், சீட்டையும் காட்டினேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் பார்க்கிற பார்வை.

“அவரு எவ்வளவு எடை சொன்னாரு?” என்று மட்டும் கேட்டார்.

“நாலு மணங்கு ஏழுங்கண்ணா. ஸ்டேசன் எடையும் அதேதானுங்க.”

“அத்தனை கோவத்துலயும் கை பெசகலை பாத்தியா” என்றார். பிறகு, “ஒரு மாசம் படுதா இழு” என்றார்.

முதல் பபூனாக ஆடியவன் ஒரு மாதம் படுதா இழுத்தேன். விசில் ஊதும் வேலையும் எனக்கே வந்தது. எஞ்சிய பத்தாண்டுகளில் வாய்விட்டுச் சரி சொல்லாத ஒரு மனிதரின் பெயரும் என் வாயிலிருந்து மேடையில் வரவில்லை. ஒழுங்கில்லாதவர்கள் என்று எழுதுகிற பேராசிரியர் இதைக் குறித்துக்கொள்ளட்டும். ஒழுங்கு தவறிய பபூனை அடையாளம் காட்டச் சட்டம் இருந்தது. தண்டிக்க ஆள் இருந்தது. இன்றைக்கு எழுதுகிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

எடைக்காரர் சொன்னதே நடந்தது. அந்தக் கதை ஊர் ஊராகப் போயிற்று. எனக்குப் புகழ் சேர்ந்தது. அவருடைய பெயரோடு சிரிப்பும் சேர்ந்தே போயிற்று. இந்தக் காலத்துக் கேபிள் டிவி நிகழ்ச்சி ஒன்றில்கூட ஒருவர் சொன்னாராம். சொல்லும்போது கட்டைவிரலை ஆட்டிக் காட்டினாராம். என் புகழ் என்கிற அந்தப் பொருளை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அதில் பாதி இன்னொருவருடையது என்பது எனக்குத் தெரியும்.

இவ்வளவையும் எழுதி முடித்துக் கதிர்வேலை வரச் சொன்னேன். உட்கார்ந்து முழுதும் படித்தார்.

“ஐயா, அவரு போய்ச் சேந்து எத்தனையோ வருசம் ஆயிருக்குமுங்க. இப்ப யாருக்குங்க நட்டம்?”

“அவரு உசுரோட இருக்கற வரைக்கும்னு நான் வாக்குக் குடுக்கலீங்க, தம்பி.”

“புரபசர் ஒத்துக்கோணுமேங்க. ஆதாரம் இல்லாம எழுதமாட்டேன்னு சொல்லுவாருங்க.”

“ஆதாரம் நான்தான். இதே ஊர்ல, உங்க பஸ்ஸு நிக்கற எடத்துல இருந்து பத்து வீடு தள்ளி உக்காந்திருக்கறேன். என்னை வந்து கேட்டாருங்களா?”

நான் விடவில்லை. அந்தப் பெயர் அச்சில் வந்தால் என் கட்டுரை வேண்டாம், என் படம் வேண்டாம், விழாவில் போர்த்துவதாகச் சொன்ன பொன்னாடையும் வேண்டாம் என்றேன். அதோடு நிற்கமாட்டேன், வெளியீட்டு விழாவுக்குச் சொந்தச் செலவில் வந்து முதல் வரிசையில் எழுந்து நின்று, இந்த மலர் ஒருவரிடம் கேட்காமல் அவரைப் பேசுகிறது என்று சொல்வேன் என்றும் சொன்னேன். குரல் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

கதிர்வேல் பைக்குள்ளிருந்து அச்சுப் படியை எடுத்து மேசையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முதல் இடத்தில் பெயரை அடித்தார். இரண்டாம் இடத்திலும் அடித்தார். மூன்றாம் இடத்தில் என்னிடம் கேட்டுக்கொண்டு ஊரின் பெயரையும் சேர்த்து அடித்தார்.

“இங்கெல்லாம் என்னன்னுங்க போடறது? வெறுமனே உட முடியாதுங்களே. ‘நேர்மையான ஒரு எடைக்காரர்’னு போட்டுப்போடட்டுங்களா?”

“‘நேர்மையான’ வேண்டாமுங்க. ‘எடைக்காரர்’னு போடுங்க. போதும்.”

அவர் எழுதினார். எழுதிய மூன்று இடங்களையும் நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தபின் காகிதங்களை அவரிடம் கொடுத்தேன்.